நூத்து நாப்பத்து மூணாம் பக்கத்துப் பாயசம்

ஜீயபுரம்
5.2.2024

ரங்கநாயகி மேடத்துக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனா என் பாயசத்தை உங்களுக்குத் தெரியும். உங்க புத்தகத்துல நூத்து நாப்பத்து மூணாம் பக்கத்துல போட்டிருக்கீங்க.

என் பேரு அழகம்மாள். வாழை போடுற குடும்பம். நீங்களும் உங்க சிநேகிதி பிரான்சியும் ‘ரெண்டு அடுப்பு’ வலைப்பூவை ஆரம்பிச்ச வருஷத்துலேர்ந்து படிக்கிறவ. ஸ்ரீரங்கத்துல உங்க அடுப்பு, உறையூர்ல அவங்க அடுப்பு, ரெண்டுலயும் சரியா வந்தாத்தான் போடுவோம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே படிச்சேன். அதை விடப் பெரிய விஷயம், வராமப் போனதையும் எழுதினீங்க. ‘ரங்கநாயகி அடுப்பில் அதிரசம் எண்ணெய்க்குள்ளேயே கரைந்து காணாமல் போனது’ன்னு நீங்க எழுதினப்ப நான் தனியா உக்காந்து சிரிச்சேன். எனக்கும் கரைஞ்சிருக்கு. எங்க ஊர்ல ஒருத்தியும் ஒத்துக்க மாட்டா.

புத்தகம் வருதுன்னதும் ஆறு பிரதி வாங்கினேன். சொந்தக்காரங்களுக்குக் குடுத்தேன். பளபளன்னு காகிதம், பக்கத்துக்கு ஒரு போட்டோ. ஒண்ணுகூடக் கருகலை, ஒண்ணுகூடக் குழையலை. உங்க ரெண்டு பேரையும் அதுக்குள்ள தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். சரி, பெரிய பதிப்பகம், இப்படித்தான் கேப்பாங்க போலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பக்கம். 2019-ல உங்க தினைப் பாயசத்துக்குக் கீழ நான் கமெண்ட்ல எழுதினது. என் பேரு இல்லாம, நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி. அதைக்கூட விட்டுடுவேன். மரவள்ளிக்கிழங்கை வேகவெச்ச முதல் தண்ணியைக் கொட்டணும்னு நான் எழுதியிருந்தேன். அது உங்க புத்தகத்துல இல்லை.

என் மக மகாலட்சுமியைக் கார்த்திகையில துறையூர்ல கட்டிக் குடுத்தேன். தைப்பூசத்தன்னைக்கு மாமியார் வீட்டுல அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பாயசம் செஞ்சிருக்கா. கிழங்கு பச்சைமலையிலேர்ந்து வந்தது, ஜவ்வரிசி மில்லுக்குப் போற கசப்பு ஜாதி, முதல் தண்ணியைக் கொட்டினாத்தான் விஷம் போகும். வெல்லம் போட்டதால கசப்பு தெரியலை. நாலு பேருக்கு வாந்தி, தலைச்சுத்தல். மாமனாருக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில டிரிப்ஸ். பெரிய புண்ணியம், எல்லாரும் எழுந்து உக்காந்துட்டாங்க. ஆனா அன்னைலேர்ந்து என் மகளை அடுப்படிக்குள்ள விடுறதில்லை. கல்யாணமாகி ரெண்டே மாசம். ‘பாயசக்காரி’ன்னு பேரு வெச்சிருக்காங்க.

ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். புள்ள கேக்கலை. புத்தகத்தை நம்பிட்டா.

உங்க வலைப்பூவுல இதை ரெண்டு தடவை எழுதினேன். ரெண்டு தடவையும் காணாமப் போச்சு, மூணாம் தடவை கமெண்ட் பெட்டியையே மூடிட்டீங்க. அதான் கடைசிப் பக்கத்துல இருந்த விலாசத்துக்கு எழுதுறேன்.

பதில் சொல்லுங்க.

அழகம்மாள்

*

ஸ்ரீரங்கம்
14.2.2024

திருமதி அழகம்மாள் அவர்களுக்கு,

நமஸ்காரம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் சம்பந்தி வீட்டில் ஏற்பட்ட சிரமத்தை அறிந்து மிகவும் வருந்தினோம். அனைவரும் பூரண க்ஷேமத்துடன் இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

எங்கள் புத்தகத்தில் உள்ள நூறு பதார்த்தங்களும் இரண்டு சமையலறைகளிலும் செய்து பார்த்த பிறகே அச்சுக்குச் சென்றன. முன்னுரையிலும் இதைச் சொல்லியிருக்கிறோம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கிழங்கை மனதில் வைத்தே அந்தக் குறிப்பு எழுதப்பட்டது. மில்லுக்குப் போகும் கிழங்கைப் பயன்படுத்தியதால் இப்படி நேர்ந்திருக்கலாம். வாசகர்கள் பலர் ஒரே மாதிரியான குறிப்புகளை எழுதுவதுண்டு என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

கமெண்ட் பகுதி தொழில்நுட்பக் காரணங்களால் மூடப்பட்டுள்ளது.

எங்கள் அன்பின் அடையாளமாக, நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

தங்கள்
ரங்கநாயகி

*

ஜீயபுரம்
19.2.2024

ரங்கநாயகி மேடம்,

உங்க அன்பின் அடையாளத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஏழாவது பிரதியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, வாழைக்கு முட்டா குடுக்க?

ரெண்டு சமையலறையிலயும் செஞ்சு பார்த்தீங்களா? சரி. நூத்து நாப்பத்து மூணாம் பக்கத்தை எடுங்க. எட்டாவது வரி. ‘எங்கள் வீட்டுச் சின்னச் சொம்பால் மூன்று சொம்புத் தண்ணீர்.’ படிச்சீங்களா?

எந்தச் சொம்பு மேடம்?

அந்தச் சொம்பு என் அலமாரியில இருக்கு. என் சீர்வரிசையில வந்த பித்தளைச் சொம்பு, ஒரு பக்கம் நசுங்கினது. கமெண்ட்ல அவசரமா எழுதினப்ப அளவு தெரியாம அப்படியே போட்டேன். நீங்க ‘எங்க வீட்டு’ங்கிறதை மட்டும் ‘எங்கள் வீட்டு’ன்னு மாத்தி இலக்கணமாக்கிட்டீங்க. உங்க வீட்டுல சின்னச் சொம்பு எவ்வளவு பிடிக்கும்? உறையூர்ல பிரான்சி வீட்டுச் சொம்பு? ரெண்டும் ஒரே அளவா? ஒரே ஒரு தடவை அடுப்புல ஏத்தியிருந்தா, எவ்வளவு தண்ணி ஊத்துறதுன்னு அந்த வரியிலயே நின்னிருப்பீங்க. நிக்கலையே.

எனக்குக் கோவம் உங்க மேல மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்னைக்கு நான் என்ன பண்ணினேன் தெரியுமா? திட்டலை. தெருவுல எல்லார்கிட்டயும் காட்டினேன். ‘பாருங்க, என் பாயசம் புத்தகத்துல வந்திருக்கு’ன்னு. பேரு எங்கன்னு எதிர்வீட்டுக்காரி கேட்டா. ‘பேரு எதுக்கு, எனக்குத் தெரியாதா’ன்னு சொன்னேன். திருட்டுப் போன நகையை அடுத்தவ கழுத்துல பார்த்து சந்தோஷப்பட்ட ஒரே பொம்பளை நானாத்தான் இருப்பேன். வெக்கங்கெட்டவ.

ஆனா என் மக என்ன பண்ணினா? இப்ப அவ வீட்டுல காபிகூட நாத்தனார்தான் போடுறா. கிழங்கு மேல தப்புன்னு எழுதிட்டீங்க. கிழங்கு பாவம், வாய் இல்லாதது.

அழகம்மாள்

*

ஸ்ரீரங்கம்
27.2.2024

அழகம்மாளுக்கு,

போன கடிதத்தை நான் எழுதினேன் என்பதை நினைத்தாலே கூசுகிறது. எழுதி முடித்து, ஒட்டி, போஸ்ட் ஆபீஸில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, ராஜகோபுரத்து வாசலில் தெரிந்தவர் ஒருவர் “புத்தகம் பிரமாதம்”னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பாயசத்தை நாங்கள் செய்யவில்லை. இரண்டு அடுப்பிலும் செய்யவில்லை, ஒரு அடுப்பிலும் செய்யவில்லை.

பதிப்பகம் நூறு பதார்த்தம் கேட்டது. எங்களிடம் தேறியது எழுபத்தெட்டு. நாலு மாதம்தான் அவகாசம். பழைய கமெண்ட்களில் நல்லதாக இருந்ததையெல்லாம் நான் எடுத்துக் காகிதத்தில் எழுதினேன். பிரான்சி ஒரு டிக் போடுவாள், நான் ஒரு டிக் போடுவேன். எங்கள் அகத்தில் மரவள்ளிக்கிழங்கு உள்ளேயே வராது, என் மாமியார் விடமாட்டார். வெங்காயம், பூண்டு, அந்தக் கிழங்கு எல்லாம் எப்போதும் உறையூர் அடுப்புதான், நான் அங்கே போய்ச் செய்துவிட்டு வருவேன், அவசரத்தில் அவளே செய்துவிடுவாள். அதனால் கிழங்கு என்றதும் பிரான்சி செய்திருப்பாள் என்று நான் டிக் போட்டேன். பாயசம் என்றதும் இது ஸ்ரீரங்கத்துச் சமாசாரம், நான் செய்திருப்பேன் என்று அவள் போட்டாள். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டால் இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்று பயந்தேன், அதுதான் நிஜம்.

நீங்கள் கமெண்ட்டில் எழுதியதை அழித்தது நான்தான். தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களைக் குத்திக்காட்ட இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். உங்கள் முதல் கமெண்ட்டில் முதல் தண்ணீர் பற்றி இல்லை. மறுநாள் காலையில் தனியாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ‘ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன், முதல் தண்ணியைக் கொட்டணும், மறக்காதீங்க.’ நான் முதலாவதை மட்டும் எடுத்தேன். இன்னும் ஒரு விரல் கீழே தள்ளியிருந்தால் இரண்டாவதும் கண்ணில் பட்டிருக்கும். தள்ளவில்லை. அதனால் தப்பு என்னுடையதே.

பதிப்பகத்தில் அடுத்த அச்சில் திருத்தலாம் என்கிறார்கள். இருக்கும் பிரதிகளை நிறுத்த மாட்டார்களாம். நாளைக்கே வலைப்பூவில் எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். வேண்டாம் என்று பிரான்சி சண்டை போட்டாள். “நீ மட்டும் நல்லவளாகப் போகிறாயா?” என்றாள். பேசுவதில்லை இப்போது.

திருத்தத்தில் உங்கள் பெயரைப் போட அனுமதி வேண்டும். உங்கள் மகள் வீட்டுக்கு வந்து அவர்கள் முன்னால் சொல்லவும் அனுமதி வேண்டும்.

ரங்கநாயகி

*

ஜீயபுரம்
4.3.2024

ரங்கநாயகிக்கு,

மேடம்னு எழுத வரலை இந்தத் தடவை.

ரெண்டு கமெண்ட்டா எழுதினது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. மறந்து போய் உங்களைத் திட்டலை, தெரிஞ்சேதான் திட்டினேன். ‘எழுதியிருந்தேன்’னு மட்டும் சொல்லிட்டு, எப்ப எழுதினேங்கிறதை முழுங்கிட்டேன். நீங்க பழசைத் தேடிப் பார்க்க மாட்டீங்கன்னு நினைச்சேன். பார்த்துட்டீங்க. பார்த்தும் தப்பு என்னுடையதேன்னு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சதும் கடிதத்தை மடிச்சு அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன். எங்க வீட்டுக்காரர் கண்ணுல படக்கூடாதுன்னு.

என் பேரைப் போடாதீங்க. அது என் பாயசமும் இல்லை. காந்தி மார்க்கெட்டுக்குப் பச்சைமலையிலேர்ந்து கிழங்கு கொண்டாந்து விக்கிற மயிலம்மாள் சொல்லிக் குடுத்தது. வாழைத்தார் இறக்கிட்டு அவ மூட்டைப் பக்கத்துல உக்காந்து டீ குடிப்பேன், அப்ப சொன்னா. முதல் தண்ணியைக் கொட்டணும்னு அவ மூணு தடவை சொன்னா, என் கையைப் பிடிச்சுச் சொன்னா. அவ பேரை நான் கமெண்ட்ல எழுதினேனா? ‘எங்க வீட்டுல இப்படிச் செய்வோம்’னுதான் எழுதினேன். உங்களை மட்டும் திருடின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க.

வலைப்பூவுல நீங்க போட்டதைப் படிச்சேன். கீழ எழுத இடமில்லை, பெட்டியை இன்னும் திறக்கலை போல. திட்டு வாங்கப் பயமா? எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

துறையூருக்கு வாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை, பத்தாம் தேதி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எட்டு மணிக்கு நிக்கிறேன், பச்சைக் கலர் கூடை வெச்சிருப்பேன். சம்பந்தியம்மா நல்லவங்கதான், ஆனா ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டாங்க. நீங்க படிச்சவங்க, நாலு பேருக்குத் தெரிஞ்சவங்க, நீங்க சொன்னா எடுபடும். நான் சொன்னா மகளுக்குப் பரிஞ்சு பேசுறேம்பாங்க.

மகாகிட்ட ரெண்டு கமெண்ட் விஷயத்தை நான் இன்னும் சொல்லலை. அன்னைக்கு அங்க வெச்சுச் சொல்லிடுறேன்.

அழகம்மாள்

*

ஸ்ரீரங்கம்
13.3.2024

அழகம்மாளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் நீங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள், சத்திரத்தில் இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அங்கே சொன்னதை நினைத்து நீங்கள் கலங்க வேண்டாம். ‘உங்கள் சம்பந்தி சரியாகத்தான் எழுதியிருந்தார், விட்டது நான்’ என்று சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு வரவில்லை. உங்கள் மகள் கூடத்து ஓரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் வாயில் அப்படி வந்துவிட்டது. எனக்கு அது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. ஊர் முழுக்கத் திட்டு வாங்குகிறவளுக்கு இன்னொரு வரி கனமா?

உங்கள் சம்பந்தியம்மா உள்ளே போய் டம்ளரை எடுத்து மகாலட்சுமி கையில் கொடுத்து “நீயே காபி போட்டுக் கொண்டா”ன்னாரே, அப்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காபியில் சர்க்கரை அதிகம். சொல்லாமல் குடித்தேன்.

நேற்று பிரான்சி வந்தாள். கையில் தூக்குச்சட்டி. முதல் தண்ணீரைக் கொட்டி உறையூர் அடுப்பில் செய்த பாயசம். அவள் அளந்தும் பார்த்திருக்கிறாள், சொம்பு கணக்கு வேண்டாம், ஒரு கிலோ கிழங்குக்கு ஒன்றரை லிட்டர் என்றாள். கையோடு ஒரு கிழங்கும் கொண்டுவந்திருந்தாள். “உன் அடுப்பிலும் ஏத்து, அப்போதுதான் டிக்” என்றாள். நான் ஏற்றினேன். என் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார், இன்னும் என்னோடு பேசவில்லை. இரண்டு அடுப்பிலும் சரியாக வந்தது. மயிலம்மாள் பெயரோடு எழுதிப் போட்டிருக்கிறோம். கமெண்ட் பெட்டியைத் திறந்துவிட்டேன். நேற்று ராத்திரிக்குள் நூற்றுப் பத்துத் திட்டு. எல்லாவற்றையும் படித்தேன், எதையும் அழிக்கவில்லை.

ரங்கநாயகி

*

ஜீயபுரம்
18.3.2024

ரங்கநாயகிக்கு,

கலங்க வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லிடுறேன், இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது.

நீங்க கூடத்துல உக்காந்து ‘சம்பந்தி சரியா எழுதியிருந்தார்’னு சொன்னப்ப, நான் அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சம்பந்தியம்மா திரும்பி, “பார்த்தீங்களா, பெரியவங்க கைப்பக்குவம் தப்பாதுன்னு எனக்குத் தெரியும்”னாங்க. நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு ஆட்டினேன் ரங்கநாயகி! உங்க தலையில ஏத்தி வெச்சுட்டு நான் நல்லபேரு வாங்கிக்கிட்டு, அவங்க குடுத்த முறுக்கையும் தின்னேன்.

ஆனா என்னை அறைஞ்சது அது இல்லை. மகா பார்த்த பார்வை.

முதல் கடிதத்துல ‘போன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், புள்ள கேக்கலை’ன்னு எழுதினேன்ல. பொய். கேட்டா. தைப்பூசத்தன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு போன் போட்டா. “அம்மா, புத்தகத்துல உன் பாயசம் இருக்கே, அதுல இருக்கிறபடியே செய்யட்டுமா, எதுவும் விட்டிருக்கா?”ன்னு கேட்டா. நான் அப்ப எதிர்வீட்டுக்காரிகிட்ட அந்தப் பக்கத்தைத்தான் காட்டிக்கிட்டு இருந்தேன். கையில புத்தகம் திறந்திருக்கு. ஒரு தடவை படிச்சுப் பார்க்கலை. “அச்சுல வந்த என் பாயசம்டி, அதுல என்ன விட்டிருக்கும், அப்படியே செய்”னு சத்தமா சொன்னேன், எதிர்வீட்டுக்காரி காதுல விழட்டும்னு.

நாலு பேரு வாந்தி எடுத்து, ஊரே பாயசக்காரின்னு சிரிச்சு, நாப்பத்தஞ்சு நாள் அடுப்படிக்கு வெளிய நின்னாளே, ஒரு வார்த்தை ‘எங்கம்மாகிட்ட கேட்டுத்தான் செஞ்சேன்’னு அவ சொல்லலை. அவங்க யாருக்கும் இன்னும் தெரியாது. நானும் புத்தகத்து மேல பழியைப் போட்டு உங்களுக்குக் கடிதமா எழுதித் தள்ளினேன். எழுத எழுத, போனே வரலைன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். அன்னைக்கு நீங்க பேசி முடிச்சதும் அவ என்னைப் பார்த்தா. திட்டுற பார்வை இல்லை. ‘விடும்மா, முடிஞ்சு போச்சு’ங்கிற பார்வை. பெத்தவளுக்கு அதை விடத் தண்டனை வேணுமா?

நேத்து தனியா துறையூர் போனேன். யாரையும் துணைக்குக் கூப்பிடலை. சம்பந்தியம்மா, அவங்க வீட்டுக்காரர், நாத்தனாரு எல்லாரையும் உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு கமெண்ட், போன், எல்லாம். சம்பந்தியம்மா கடைசி வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் எழுந்து போய் மகாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. என்னைச் சாப்பிடுங்கன்னு சொல்லலை. வெறும் வயித்தோடதான் பஸ் ஏறினேன். மகா மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஒரு வாட்டர் பாட்டிலைக் கையில குடுத்துட்டுப் போனா. வாங்கிக்கிட்டேன்.

ஊருக்கும் தெரியணும். எதிர்வீட்டுக்காரியும் அந்த வலைப்பூவைப் படிக்கிறா. கமெண்ட் பெட்டி திறந்திருக்கு, நானே போடலாம். மூணு தடவை அடிச்சு மூணு தடவையும் அழிச்சுட்டேன். காகிதத்துல எழுதினா அழிக்க முடியாதுல்ல, அதான் இதுல எழுதிக் குடுக்குறேன். நீங்க போட்டுடுங்க. ஒரு எழுத்தும் மாத்தாதீங்க, நல்லா இருக்கட்டும்னு எதையும் எடுத்துடாதீங்க:

‘இந்தப் பாயசம் மயிலம்மாளோடது. முதல் தண்ணியைக் கொட்டணும்னு அவங்க என் கையைப் பிடிச்சு மூணு தடவை சொன்னாங்க. அதை முதல்ல எழுத மறந்தது நான்தான். என் மக கேட்டப்ப, புத்தகத்தைத் திறந்து பார்க்காம அப்படியே செய்னு சொன்னதும் நான்தான். அவ மேல எந்தத் தப்பும் இல்லை. அழகம்மாள், ஜீயபுரம்.’